காசியும் நம்மவரும்

ஈழநாட்டுச் சைவர்களின் வீடுகளிலே முதுமை எய்திய பெரியோர் சொல்லும் ஆசைகளுள் ஒன்று, காசிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது. இளமையில் அது பேச்சாக மட்டும் இருக்கும். பிள்ளைகள் கரையேறிய பின், அல்லது வாழ்க்கைத் துணையை இழந்த பின், அது தீர்மானமாகிவிடும். கீரிமலையிலே அந்தியேட்டி முடித்துச் சாம்பலைக் கரைத்தவர்களும், அதில் ஒரு பிடியைச் சிறு முட்டியிலே கட்டி, கங்கைக்கென்று வீட்டு மாடத்தில் எடுத்து வைத்திருப்பதுண்டு.

அக்காலத்தில் இப்பயணம் மாதக்கணக்கில் நீண்டது. 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும், இரு கரையிலும் அதனோடு இணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கிய பின் வழி எளிதாயிற்று. இராமேசுவரத்திலே கடலாடி, அங்கிருந்து ஒரு பிடி மணல் எடுத்துச் சென்று கங்கையில் இட்டு, கங்கை நீரை மீண்டும் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வித்தாலே காசி யாத்திரை நிறைவுபெறும் என்பது வழக்கம். ஆகவே நம்மவர்க்கு இராமேசுவரம் வழியில் அமைந்த ஓர் ஊர் மாத்திரமன்று. யாத்திரையின் முதலும் முடிவும் அதுவே. 1964ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்தே ஓடிய கப்பலும் 1980களிலே போரினால் நின்றது. இன்று செல்வோர் பெரும்பாலும் ஆகாய மார்க்கமாகச் சென்னை சென்று, அங்கிருந்து வாரணாசி சேர்கின்றனர். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் ஓடிய கப்பலை நாடுவோரும் உளர். மாதங்கள் மூன்று நாள்களாகச் சுருங்கிவிட்டன. சுருங்கியதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் மூன்று நாளிலே ஓடி ஓடிக் கோயில்களை எண்ணி வருபவர் காசியைக் கண்டாரா என்பது வேறு கேள்வி.

காசி நகரின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளுதல் நன்று. தென்கிழக்கு நோக்கிக் கடல் தேடிச் செல்லும் கங்கை, இந்நகரின் அருகே திரும்பி வடக்கு முகமாகச் செல்கின்றது. நகரம் முழுவதும் மேற்குக் கரையிலேயே உளது. எதிர்க்கரையோ பெரும்பாலும் வெறும் மணற்பரப்பு. ஆதலால் சூரியன் உதிக்கும்போது அதன் ஒளி தடையின்றி ஆற்றைக் கடந்து வந்து படித்துறைகளில் விழுகின்றது. தெற்கே அசி, வடக்கே வருணை என்னும் இரு சிற்றாறுகளுக்கிடையே உள்ளமையால் வாரணாசி என்னும் பெயர் வந்தது என்பர். அவற்றிடையே பிறைபோல் வளைந்த கரையில் எண்பத்துநான்கு படித்துறைகள் உள்ளன என்று கணக்குச் சொல்வது வழக்கு. மழைக்காலத்திலே கங்கை பல மீற்றர் உயர்ந்து அப்படிகளையெல்லாம் மூடிவிடும். மாலையில் தசாசுவமேத துறையில் நிகழும் கங்கை ஆரத்தியும் அந்நாள்களில் வீட்டு மாடிகளுக்கு ஏறிவிடும். மே, யூன் மாதங்களில் வெயில் தாங்கொணாது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனி புகையிரதங்களையும் விமானங்களையும் மணிக்கணக்கில் தாமதிக்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களும், மாசி, பங்குனி மாதங்களும் வயோதிபர்க்கு ஏற்றவை.

படித்துறையிலிருந்து மேலேறினால் ஒழுங்கைகள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் வேலிக்கும் வேலிக்கும் இடையே ஓடுவன. காசியின் ஒழுங்கைகளோ மூன்று நான்கு மாடி வீடுகளுக்கிடையே, வெயிலும் புகாவண்ணம் ஒடுங்கி ஓடுவன. அங்கே எருது முன்னே வந்தால் மனிதன்தான் சுவரோடு ஒட்டி வழி விடல் வேண்டும். ஒரு மூலையில் வங்காளியர், ஒரு மூலையில் மராட்டியர், நேபாளத்தார், தெலுங்கர், தமிழர் எனப் பாரத கண்டம் முழுவதும் அங்கே பகுதி பகுதியாகக் குடியிருக்கின்றது.

விசுவநாதர் கோயிலைக் காணும் நம்மவர்க்கு முதலில் ஒரு திகைப்பு உண்டாவது இயல்பு. நல்லூரையும் முன்னேசுவரத்தையும் கண்ட கண்கள், சிதம்பரத்தையும் மதுரையையும் கண்ட கண்கள், அங்கே வானளாவிய இராச கோபுரத்தைத் தேடும். அது கிடையாது. கோயிலும் சிறிது, இலிங்கமும் சிறிது, வெள்ளித் தொட்டி போன்ற ஆவுடையிலே தாழ அமைந்துள்ளது. நம் கோயில்களிலே சிவாசாரியரன்றிப் பிறர் மூர்த்தியைத் தீண்டுதல் இல்லை. அங்கேயோ அடியவர் தாமே நீர் வார்த்து, வில்வம் இட்டு, கையால் தொட்டு வணங்குவது பழைய முறை. இன்று கூட்டம் மிகுதியால் அதற்கு நேர வரம்பு உண்டு. பெருநாள்களில் கிடைப்பதும் அரிது. ஆகம வழியில் ஊறியவர் சிலர் இதனை ஏற்கத் தயங்குவர். பல முதியவர்களோ, ஆயுள் முழுவதும் தூர நின்று கண்ட இறைவனை ஒரு கணம் விரலால் தீண்டிய நிலையில், என்ன வேண்ட வந்தோம் என்பதையே மறந்து நிற்பர்.

அக்கோயிலின் வரலாறு துயர் மிக்கது. பன்முறை இடிபட்டுப் பன்முறை எழுந்தது அது. 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் பழைய கோயில் இடிக்கப்பட்டு, அவ்விடத்திலே ஞானவாபி மசூதி எழுந்தது. இப்போதுள்ள கோயிலை அதன் பக்கத்தே 1780இல் கட்டுவித்தவர் இந்தோர் அரசி அகல்யாபாய் ஓல்கர். விமானங்களுக்குப் பொன் வேய்ந்தவர் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங். அது 1830களில் நிகழ்ந்தது. கைம்பெண்ணாய் நின்று அரசாண்ட ஒரு மாதரசி கட்டிய கோயில், வேறு சமயத்து மன்னர் ஒருவரின் பொன்னை அணிந்து நிற்கின்றது. மசூதி பற்றிய வழக்குகள் இன்றும் நீதிமன்றங்களில் உள்ளன. 2021 திசெம்பரில் கோயிலிலிருந்து கங்கைக் கரைவரை அகன்ற வெளி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கென நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் அகற்றப்பட்டன. அவ்வீடுகளுக்குள் அடைபட்டிருந்த சிறு கோயில்கள் பல வெளிப்பட்டன. நடக்க மாட்டாத முதியவர்க்கு இவ்வகன்ற வழி பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும் நெரிசலான ஒழுங்கையில் பூக்கடைகளைத் தாண்டித் தடுமாறிச் சென்று, திடீரெனப் பொன் விமானத்தைக் கண்ட பழைய அனுபவம் இனி வாய்க்காது.

காசிக்குத் தேவார மூவரின் தனிப் பதிகம் கிடையாது. அது வைப்புத் தலமாகவே எண்ணப்படுகின்றது. திருநாவுக்கரசர் கயிலை நாடிச் சென்ற வழியிலே வாரணாசியை வணங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அதற்குப் பின் காசியைத் தமிழுக்கு அணுக்கமாக்கியவர் இருவர். காசி காண்டத்தைத் தமிழிற் பாடிய அதிவீரராம பாண்டியர் ஒருவர். தென்காசியை இராசதானியாகக் கொண்ட குலத்தவர் அவர். மற்றவர் குமரகுருபர சுவாமிகள். ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரிலே வாய் திறந்தவர் என்று சொல்லப்படும் அப்புலவர், பதினேழாம் நூற்றாண்டிலே காசி சென்றார். அங்கே ஆட்சியாளரோடு உரையாட அந்நாட்டு மொழி வேண்டியிருந்தது. கலைமகளை வேண்டிப் பாடி அம்மொழியறிவைப் பெற்றார் என்பதும், சிங்கத்தின் மீதேறி அரசவைக்குச் சென்றார் என்பதும் மரபுவழிக் கதைகள். வேண்டிப் பாடிய நூல் சகலகலாவல்லி மாலை. நவராத்திரி காலத்தில் ஈழத்துப் பாடசாலைகள் தோறும் சிறுவர் சிறுமியர் ஒருமித்துப் பாடும் அப்பாடல்கள் கங்கைக் கரையோடு தொடர்புடையவை என்பதைப் பாடும் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்வது நல்லது. பிறமொழி கற்கும் தேவை ஒருவர்க்கு வந்தபோது தாய்மொழியிலே பிறந்த நூல் அது.

குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் கேதார துறையிலே இன்றும் உளது. அம்மடத்தின் மரபே பின்னர் தஞ்சைப் பகுதியிலுள்ள திருப்பனந்தாளில் காசி மடமாகத் தழைத்தது. செவ்வண்ணமும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தீட்டிய சுவர்களோடு படித்துறையின் உச்சியில் நிற்கும் கேதாரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தால், பூசை முறையில் தென்னாட்டு வாடை வீசும். மூன்று நாளாக மொழி தெரியாது அலைந்த ஈழத்து மூதாட்டி ஒருவர் அங்கே தமிழ்ச் சொல் ஒன்றைக் கேட்டதும் முகம் மலர்வது காணத்தக்கது. நகரின் வேறொரு பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரம் உளது. அங்கிருந்து விசுவநாதர் பூசைக்குரிய திரவியங்கள் நாள்தோறும் 'சம்போ' என்னும் முழக்கத்தோடு எடுத்துச் செல்லப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் இத்தொண்டு, வணிகர் சமூகம் ஒன்று தன் ஊரிலிருந்து நெடுந்தொலைவிலே காத்துவரும் கடமை. விசாலாட்சி கோயிலைத் திருப்பணி செய்தவர்களும் அவர்களே.

அனுமன் துறையிலே சிவமடம் என்னும் வீட்டில், தந்தையை இழந்த பதினைந்து பதினாறு வயது இளைஞர் ஒருவர் 1898 முதல் நான்கு ஆண்டளவு தம் அத்தையாரோடு வாழ்ந்தார். எட்டயபுரத்துச் சுப்பிரமணியம் தலைப்பாகையும் மீசையும் கொண்ட பாரதியாராக மாறியது அந்நாள்களிலேதான். அதே காலத்துக்குச் சற்று முன்னாக, யாழ்ப்பாணத்து ஏழாலையிற் பிறந்த செந்திநாதையர் காசியிலே தங்கி வடமொழி நூல்களை ஆராய்ந்தார். 1848இற் பிறந்து 1924இல் மறைந்த அப்பெரியாரை நாட்டார் 'காசிவாசி' என்ற அடைமொழியோடே அழைத்தனர். தேவாரத்தின் பொருள் வேதத்தின் சாரமே என்று நிறுவ எழுதியவர் அவர். காசிக்குப் போய்ப் படிக்கவும் செய்தனர் நம்முன்னோர். குளித்துவிட்டு மட்டும் திரும்பவில்லை.

கலைகளைப் பற்றி நீளப் பேசுதற்கு நேரம் போதாது. துளசிதாசர் வாழ்ந்து மறைந்ததும், நெசவுத் தொழிலாளியான கபீர் சாதியையும் சடங்கையும் சாடியதும் இந்நகரிலே. மதன் மோகன் மாளவியாவின் முயற்சியால் 1916இல் எழுந்த இந்துப் பல்கலைக்கழகம் தெற்கெல்லையில் ஒரு தனி நகரம்போல் விரிந்து கிடக்கின்றது. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான், முஸ்லிமாயிருந்தும் கங்கைக் கரைக் கோயிலொன்றிலே பல்லாண்டு வாசித்துப் பழகியவர். 2001இல் பாரத ரத்தினம் பெற்று 2006இல் மறைந்தார். நாதசுரத்தை மங்கல வாத்தியமாய்ப் போற்றும் நம்மவர்க்கு அவர் இசை அந்நியமன்று. பட்டுச் சேலை நெய்வோரிலும் பெரும் பகுதியினர் முஸ்லிம்களே. இந்துப் பெண்ணின் மணச்சேலையில் சரிகைப் பூவை எழுப்புவது அவர்கள் விரல். விசைத்தறிப் போலிகள் மலிந்துவிட்டமையால் வாங்குவோர் சேலையைத் திருப்பி உட்புறத்தையும் பார்த்து வாங்குதல் வேண்டும்.

நகரிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள சாரநாத்தைக் காணாது திரும்புகின்ற சைவ யாத்திரிகர் பலர். இலங்கையர் எவரும் அப்படித் திரும்புதல் தகாது. புத்தர் பெருமான் முதன்முதல் அறமுரைத்த இடம் அது. அசோகன் தூணின் நாற்சிங்க முடியே 1950இல் இந்தியாவின் அரச இலச்சினையாயிற்று. பாழடைந்து கிடந்த அவ்விடத்திலே மூலகந்தகுடி விகாரையை 1931இல் எழுப்பியவர், கொழும்பிலே பிறந்த அநாகரிக தர்மபாலர். அநுராதபுரத்துப் போதி மரத்தின் கிளைக்கன்று அங்கே தழைத்து நிற்கின்றது. யப்பானிய ஓவியர் கோசெட்சு நோசு தீட்டிய புத்த சரிதம் உட்சுவர்களை அணி செய்கின்றது. தர்மபாலர் 1933இல் உயிர் நீத்ததும் சாரநாத்திலேயே. நம் நாட்டுத் தமிழர் காசியையும் சிங்களவர் சாரநாத்தையும் நாடி ஒரே விமானத்திலே வந்து இறங்குகின்றனர். பின்னர் வெவ்வேறு வண்டிகளில் ஏறிப் பிரிகின்றனர்.

இனிக் கங்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்நீர் தூயதன்று. நகரங்களின் கழிவு பல்லாண்டாக அதிற் கலந்துள்ளது. 1986இல் தொடங்கிய திட்டமும், 2014இல் தொடங்கிய பெருந்திட்டமும் ஓரளவு பயன் தந்துள்ளன, வேலை முடியவில்லை. தலையிலே தெளித்துக் கொள்வதற்கும், மூன்று முறை மூழ்கி எழுவதற்கும் எவரும் தடை சொல்லார். ஆனால் நோயாளியும் குழந்தையும் அந்நீரை அள்ளிப் பருகுதல் பத்தியன்று, கவனக்குறைவு. நதியைத் தாய் என்று வணங்குபவர்க்குத் தாயின் மேல் குப்பை எறியாதிருக்கும் கடமையும் உண்டு. பூமாலையைச் சுற்றிக் கொண்டுபோன பிளாத்திக்குப் பையையும் சேர்த்தே ஆற்றில் விடும் யாத்திரிகர்களில் நம்மவரும் உளர்.

எல்லாவற்றிலும் கடினமான இடம் மணிகர்ணிகை. அங்கே இரவும் பகலும் சிதை எரிகின்றது. படிகளிலே விறகு மலைபோற் குவிந்திருக்கும். தராசிலே நிறுத்துக் கொடுப்பர். எரியூட்டும் தொழிலைப் பரம்பரையாகச் செய்பவர் டோம் எனப்படும் சமூகத்தார். சிறிது தெற்கே அரிச்சந்திரன் துறை. யாழ்ப்பாணத்தார்க்கு அப்பெயரைக் கேட்டவுடன் கங்கை நினைவுக்கு வருமுன்னே நடிகமணி வைரமுத்துவின் குரல் நினைவுக்கு வரும். அவர் நடித்த மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் விடியும்வரை இருந்து பார்த்து அழுத தலைமுறை இன்னும் நம்மிடையே உளது. மன்னன் ஒருவன் சுடலைக் காவலனாய் நின்று, இறந்த தன் மகனின் உடலைச் சுமந்துவந்த மனைவியிடமே கூலி கேட்ட கதைக்கு, அந்தத் துறைதான் களம்.

நம்மூர் வழக்கிலே பெண்கள் சுடலைக்குச் செல்வதில்லை. படலையோடு நின்றுவிடுவர். கணவனின், பிள்ளையின் உடல் எரிவதை நம் பெண்கள் கண்டதில்லை. காசியிலே வள்ளத்தில் ஏறி மணிகர்ணிகைக்கு எதிரே வரும்போதுதான் அவர்களுட் பலர் முதன்முறையாகச் சிதையைக் காண்கின்றனர். யாரோ ஒருவரின் உடல் அது. படம் பிடிப்பதற்குக் கருவியை எடுக்கும் இளைஞரைத் தடுக்க வேண்டியது உடன் செல்வோரின் கடமை. அவ்வேளை வள்ளத்தில் பேச்சு அடங்கிவிடும்.

போர்க்காலத்திலே உறவினரை இழந்தும், உடலைக் காணாதவர்கள் நம் நாட்டில் அநேகர். 2009இல் போர் ஓய்ந்தது. பிள்ளை எங்கே என்ற கேள்வி ஓயவில்லை. அத்தகையோருக்குக் காசியிலே இருவகை வழி காட்டப்படுகின்றது. உடல் கிடையாதவர்க்குத் தருப்பையால் உருச் செய்து கிரியை நடத்தலாம் என்று சாத்திரம் விதிக்கின்றது. அகால மரணம் அடைந்தோர்க்கெனப் பிசாசமோசன குண்டம் என்னும் குளக்கரையிலே திரிபிண்டி சிராத்தம் செய்யப்படுகின்றது. புரோகிதர் இறந்தவரின் பெயரையும் கோத்திரத்தையும் கேட்பார். கோத்திரம் அறியாதவர் சிவ கோத்திரம் என்று சொல்லலாம். பெயர்தான் கடினம். இறந்தவர் வரிசையிலே மகனின் பெயரை வாயாற் சொல்வது, அவன் இறந்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொள்வதாகும். சொல்லாது விட்டால், ஒருவேளை அவன் இறந்திருந்தால், அவனுக்குரிய பிண்டம் கிடையாது போகும். சாத்திரம் கற்றவர் எவராலும் இவ்விரண்டுக்கும் நடுவே அவளுக்கு வழி காட்ட இயலவில்லை. கூட வந்த உறவினர், "வந்த இடத்திலே செய்துவிடுங்கள், மனம் ஆறும்" என்று வற்புறுத்துவர். அது நல்லெண்ணத்தாற் சொல்வதேயாயினும், சொல்லத்தகாதது. அவள் முடிவு செய்யட்டும் என்று விட்டு, அருகே இருப்பதே உறவினர் கடன். தரகர்களோ அவ்விடத்திலேதான் மிகுதியாகச் சூழ்வர். துயரின் அளவுக்குத் தக்கபடி தட்சணையை உயர்த்துவோரும் உளர். அனுமன் துறை, கேதார துறைப் பக்கத்திலே தமிழ் பேசும் புரோகிதர் கிடைப்பர். முன்னரே தொகையைப் பேசித் தீர்த்துக்கொள்ளுதல் நன்று.

கிரியை வேண்டாம் என்று மறுத்த தாய்மாரும், மாலையிலே கேதார துறைப் படியில் அமர்ந்து, இலைத் தொன்னையிலே பூவும் திரியும் வைத்து விற்கும் சிறுமியரிடம் ஒரு விளக்கு வாங்குவதுண்டு. அதற்கு மந்திரம் இல்லை. பெயர் கேட்பாரும் இல்லை. உயிரோடிருப்பவர்க்கும் விளக்கு விடலாம், இறந்தவர்க்கும் விடலாம். நீரிலே இறக்கி மெல்லத் தள்ளிவிட்டால் அது சிறிது தூரம் கரையோடு ஒட்டிச் சென்று, பின் நீரோட்டத்திலே அகப்பட்டு வடக்கு நோக்கித் திரும்பும்.